பாலுக்குள் போன நீராவி

அனுப்புநர்:
ஹீருபென் லக்மன்பாய் லோதாரி (வயது 38),
இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டன்ட் (பணிநீக்கம் செய்யப்பட்டவர்),
கார்வாவாடா, படகுத்துறை பின்தெரு,
மோதிபந்தர், சோமாவட் மாவட்டம், குஜராத்.

பெறுநர்:
மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
சோமாவட் மாவட்டம்.

நகல்: பாய்லர் ஆய்வாளர் அவர்கள், மண்டல அலுவலகம்.

பொருள்: மோதிபந்தர் போஷண் பானத் தொழிற்கூடத்தில் 12.01.2023 முதல் 02.02.2023 வரை, பாலும் கடலைப் புரதமும் கலந்த குழந்தைகள் பானத்தில் பாய்லர் மருந்து ஏறிய நீராவி செலுத்தப்பட்டது – அதை நிறுத்திய எனக்குத் தண்டனை – நிறுத்திவைப்பு அறையில் உள்ள மாதிரிகள் 12.04.2023 முதல் அழிக்கப்பட இருப்பது – உடனே முத்திரையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் 06.03.2023 தேதியிட்ட மாதிரிப் பரிசோதனை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனு இரக்கம் கேட்டு எழுதப்படுவதல்ல. என் வேலை போன கதையைச் சொல்லித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவும் நான் வரவில்லை. அது இம்மனுவில் இடையில் வரும். ஆனால் அதற்காக எழுதவில்லை. நாற்பத்தொரு அங்கன்வாடிகளின் குழந்தைகள் மூன்று வாரம் குடித்தது என்ன என்று இதுவரை ஒருவரும் பரிசோதிக்கவில்லை. அதைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதுகிறேன்.

2. நான் கார்வா மீனவர் குலத்தைச் சேர்ந்தவள். என் கணவர் விசைப்படகின் தலைவர். ஆண்டில் எட்டு மாதம் கடலில் இருப்பவர். நான் ஏழு ஆண்டுகள் மீன் பதனிடும் கூடத்தில் பாய்லர் உதவியாளராக இருந்து, 2018இல் தேர்வெழுதி, இரண்டாம் வகுப்புச் சான்று பெற்றேன். தேர்வு அறையில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். பெண் நான் ஒருத்தி. 2019 மார்ச் முதல் மேற்படி பானத் தொழிற்கூடத்தில் பகல் ஷிப்டு பாய்லரைக் கவனித்து வந்தேன். நான்கு ஆண்டில் என் மீது ஒரு குறிப்பாணை கூட வந்ததில்லை.

3. நடந்தது தங்களுக்கு விளங்க, அங்கே பானம் தயாராகும் விதத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. பாலோடு, எண்ணெய் பிழிந்த நிலக்கடலையிலிருந்து எடுத்த புரத மாவைக் கரைத்து ஒரு கலவை செய்கிறார்கள். எங்கள் குழந்தைகள் இதை 'சிங்-தூத்', அதாவது கடலைப் பால் என்பார்கள். இதைச் சட்டியில் வைத்துக் காய்ச்சுவதுபோலக் காய்ச்ச முடியாது. மெதுவாகச் சூடேறினால் புரதம் திரண்டு அடிப்பிடிக்கும். ஆகவே கலவைக்கு உள்ளேயே நீராவியைப் பாய்ச்சுகிறார்கள். கண் இமைப்பதற்குள் நூற்று நாற்பது டிகிரி. நான்கு நொடி அந்தச் சூட்டில் ஓடி, பிறகு காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கலத்துக்குள் போய் விழும். அங்கே, உள்ளே போன அளவு நீர் மறுபடி ஆவியாகி வெளியேறும். கடலையின் பச்சை வாடையையும் கூடவே கொண்டுபோகும். பால் கெடாது, புரதம் கெடாது, பாக்கெட் தொண்ணூறு நாள் தாங்கும். நல்ல முறை. அதில் வேலை செய்ததில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

4. ஆனால் பாலுக்குள் போகிற நீராவி பாலோடு சேர்ந்து குழந்தை வாய்க்கும் போகிறது. எனவே அந்த நீராவியும் உணவுதான். இதற்காகவே அங்கே இரண்டு கலன்கள் உண்டு. பெரிய பாய்லரின் தண்ணீரில், குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து ஊற்றுவோம். அது தண்ணீரோடு தங்கிவிடாது; நீராவியோடு ஏறிக் குழாய் முழுக்கப் போகும். அதற்காகத்தான் அது. அந்த நீராவி பாலைத் தொடக்கூடாது. அது இரண்டாவது கலனுக்குப் போய், அங்கே தனியாக நிரப்பிய சுத்தமான தண்ணீரை வெளியிலிருந்து சூடாக்க மட்டும் செய்யும். அந்தச் சுத்தத் தண்ணீரில் எழும் நீராவியே பாலுக்குப் போகும். நடுவில் ஓர் உலோகச் சுவர். நான்கு ஆண்டுகள் தினமும் அந்த மருந்தை என் கையால் அளந்து ஊற்றினேன். சுவர் இருந்தவரை அதில் தவறில்லை.

5. 09.01.2023 திங்களன்று சுத்த நீராவிக் கலனின் உள்குழாய்கள் ஓட்டையாகிவிட்டன. மூன்று நாள் பானம் ஓடவில்லை. 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது, பெரிய பாய்லரிலிருந்து நேரே பால் வரிசைக்குப் புதிதாக ஒரு மாற்றுக் குழாய் பற்றவைக்கப்பட்டிருந்தது. உற்பத்தி மேலாளர் திரு. நிகுஞ்ச் வசாவடா அவர்கள் அருகில் நின்றிருந்தார். நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"சாகேப், இது மருந்து போட்ட நீராவி. பாலுக்குப் போகலாமா?"

"நீராவின்னா நீராவிதான் ஹீருபென். தண்ணி கொதிச்சா வர்றது. உங்க வீட்டு டீச்சட்டியில வர்றதும் அதுதான். ரெண்டே நாள். வடோதராவுலேர்ந்து குழாய் வந்துடும். வால்வைத் தெறங்க."

நான் திறந்தேன். ஐயா, இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வை முதன்முதலில் திறந்த கை என்னுடையது.

6. பாக்கெட்டுகளை ஏழு நாள் வைத்திருந்து, உப்பவில்லை என்று பார்த்த பிறகே வெளியே அனுப்புவது வழக்கம். ஆகவே முதல் தொகுதி ஜனவரி 20 அன்று அங்கன்வாடிகளுக்குப் போனது. 23ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, எங்கள் கார்வாவாடா அங்கன்வாடிப் பணியாளர் ருகிபென் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வெட்டிய பாக்கெட்.

"ஏன் ஹீரு, உன் கம்பெனியில பாலைக் கறக்கறாங்களா, மீனைக் கறக்கறாங்களா? புள்ளைங்க ஒண்ணும் வாயில வைக்கமாட்டேங்குது. 'டீச்சர், பும்லா நாத்தம்'னு மூஞ்சியைத் திருப்புது."

பும்லா என்பது எங்கள் கரையில் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைக்கும் மீன். அந்த வாடையில்தான் எங்கள் பிள்ளைகள் தவழ்கிறார்கள். ஊருக்குள் மற்ற நாற்பது அங்கன்வாடிகளில் உள்ள பிள்ளைகள் மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் அது என்ன வாடை என்று பெயர் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. நான் மோந்து பார்த்தேன். ஒரு மிடறு குடித்தும் பார்த்தேன். அது மீன் அல்ல. தினமும் காலையில் நான் மூடி திறக்கும் நீல மருந்துக் கேனின் வாடை அது.

7. மறுநாள் அந்தக் கேனின் மீது ஒட்டியிருந்த சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது; எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான்கு ஆண்டு அதைத் தொட்டவள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அது என் குறை. ருகிபென் பட்டப்படிப்பு படித்தவர். வரி வரியாக வாசித்து, குஜராத்தியில் எனக்குச் சொல்லிவிட்டு, படத்தை என்னிடம் திருப்பித் தந்தார். சீட்டின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது இதுதான்: பாலையும் பால் பொருள்களையும் தொடும் நீராவிக்கு இம்மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. (இணைப்பு 1)

8. 25ஆம் தேதி காலை அந்தப் படத்தை மேலாளரிடம் காட்டினேன். அவர் வாசித்தார். வாசித்தார் என்பதற்கு நானே சாட்சி. அவர் கண் கடைசி வரியில் நின்றது. பிறகு கைப்பேசியைத் திருப்பித் தந்து சிரித்தார். அறையில் கணக்கரும் பால் வரிசை இயக்குபவரான கர்சன்பாயும் இருந்தார்கள். "மீன்காரி மூக்குக்கு எல்லாமே மீனாத்தான் நாறும். நீ கையைக் கழுவிட்டு வேலைக்கு வர்றியான்னு முதல்ல பாக்கணும்" என்றார். கணக்கரும் சிரித்தார். கர்சன்பாய் சிரிக்கவில்லை, குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மூக்கைப் பற்றி மேலாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆறு வயதிலிருந்து மீன் காயவைத்த வீட்டின் மூக்கு இது. எந்த மீன் காலையில் வந்தது, எது நேற்றையது என்று கூடையைத் திறக்காமல் சொல்லும். தொழிற்கூடத்து ஆய்வறையில் அந்த வேலைக்கு ஒரு கருவி கிடையாது. நான் சொன்ன வாடை பாலில் இருந்தது. கையைக் கழுவுவது பற்றி: பாய்லர் அறையில் சோப்பு வைக்கச் சொல்லி நான் கேட்டது 2021 ஆகஸ்டில். இன்று வரை வைக்கவில்லை.

9. அன்று முதல் மருந்து ஊற்ற மறுத்தேன். மேலாளர் அதை மாலை ஷிப்டுக்காரரை விட்டு ஊற்றவைத்தார். ஜனவரி 25, 27, 30, பிப்ரவரி 1 ஆகிய நான்கு நாளும் பாய்லர் லாக் புத்தகத்தில், "பால் வரிசைக்கு மருந்து நீராவி போகிறது, நிறுத்த வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு முறையும் "ரெண்டு நாள்" என்ற பதிலே வந்தது. ஆயினும் வால்வைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். தெரியாமல் திறந்த நாள்கள் வேறு, தெரிந்தே திறந்த நாள்கள் வேறு. 25ஆம் தேதி முதல் பிப்ரவரி 2 வரை உள்ள நாள்கள் என்னுடையவை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்கு எந்தத் தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். அதை எனக்குத் தருவதற்காகவாவது விசாரணையைத் தொடங்குங்கள்.

10. பிப்ரவரி 1ஆம் தேதி, எங்கள் தெருவில் ஹெத்வி என்ற மூன்று வயதுக் குழந்தை மூன்று முறை வாந்தியெடுத்தது. மேலிட உத்தரவில்லாமல் பானம் கொடுப்பதை நிறுத்த ருகிபென்னால் முடியவில்லை. மற்ற பிள்ளைகள் வேண்டாம் என்று வைத்ததையும் சேர்த்துக் குடித்த குழந்தை அது. அதன் தாய் இறால் உரிக்கப் போகிறவள். காலையில் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்க நேரமில்லாமல் அங்கன்வாடியில் விட்டுப் போகிறவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்பினார்கள். குழந்தை மறுநாள் எழுந்து விளையாடியது. பானத்தால்தான் வாந்தி வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யாரும் இதுவரை தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

11. பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. அன்றைய ஆறாயிரம் லிட்டரும் அங்கன்வாடிகளுக்கு மட்டுமல்ல, அரசு மருத்துவமனையில் எடை குறைந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் வார்டுக்கும் சேர்த்துத் தயாராகிறது என்று பலகையில் எழுதியிருந்தது. பத்து மணிவாக்கில் கலவைத் தொட்டியருகே நான்கு பிளாஸ்டிக் கேன்கள் வந்து இறங்கின. ஏலக்காய் வாசனைச் சாறு. இந்தப் பானத்தில் ஏலக்காய் ஒருநாளும் சேர்த்ததில்லை. மேலாளரிடம் போய், இது எதற்கு என்று கேட்டேன்.

"புள்ளைங்களுக்குப் பிடிக்கும். கேசரிக் கலர்ப் பொடியும் கொஞ்சம் சேத்துக்கலாம். நாத்தம்னு சொன்னதே நீதானே? இப்ப நாறாது. சந்தோஷமா?"

ஐயா, அதுவரை நான் அவரை, குழாய் வந்து சேராமல் தவிக்கும் ஒரு மனிதர் என்று எண்ணியிருந்தேன். அவருக்கும் மேலிடத்திலிருந்து நெருக்கடி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறைக்க ஏலக்காய் வாங்கத் தெரிந்தவருக்கு, மறைக்க வேண்டியது உள்ளே இருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை.

12. நான் பாய்லர் அறைக்குத் திரும்பினேன். முன்னறிவிப்பின்றி வால்வை மூடினேன் என்று என் பணிநீக்க ஆணையில் எழுதியிருப்பது பொய். காலை 11.10க்கு உள்பேசியில் கர்சன்பாயை அழைத்து, "பத்து நிமிஷத்துல நீராவியை நிறுத்தப்போறேன். கலவையை உள்ள விடாதீங்க, தண்ணியை ஓட்டுங்க" என்று சொன்னேன்.

"ஹீருபென், வேண்டாம். சாகேப் ஓட்டச் சொல்லிட்டாரு. நடுவுல நின்னா லைன் முழுக்கக் களி மாதிரி இறுகிடும்!"

"இறுகட்டும் கர்சன்பாய். குழாயில இறுகினதை உளி வச்சுச் சுரண்டலாம். புள்ளைங்க வயித்துக்குள்ள போனதை எதை வச்சுச் சுரண்டுவீங்க?"

அவர் உள்பேசியை வைக்கவில்லை; இயந்திரத்தின் இரைச்சல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. 11.20க்கு மாற்றுக் குழாயின் வால்வை முழுவதும் மூடி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டு, லாக் புத்தகத்தில் நேரத்தையும் காரணத்தையும் எழுதினேன். பாய்லரின் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கினேன். அதற்கு ஆபத்து நேராமல் பார்ப்பதும் என் கடமை. சூடு குறைந்ததும் பாலைத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டிய பழைய வால்வு சிக்கிக்கொண்டது. கடலைப் புரதம் குழாய்க்குள் இறுகியது உண்மை. மீதிக் கலவை புளித்துக் கொட்டப்பட்டதும் உண்மை. அந்த ஆறாயிரம் லிட்டருக்காக நான் வருந்துகிறேன். நாற்பது கிராமத்துப் பெண்கள் விடியலில் கறந்த பால் அது. ஆனால் அதைப் பாழாக்கியது வால்வை மூடிய கையா, அந்தக் குழாயைப் பற்றவைத்த கையா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

13. மேலாளர் ஓடி வந்தார். சாவி கேட்டார். "பாய்லர் ஆய்வாளர் வந்தால் அவரிடம் தருகிறேன்" என்றேன். "பொம்பளைய பாய்லர்ல வச்சது என் தப்பு" என்றார். "வச்சது நீங்க இல்ல சாகேப். தேர்வு எழுதி வந்தேன்" என்றேன். காவலாளிகள் இருவர் என்னை வாசல் வரை அழைத்துப் போனார்கள். சாவியை அன்று மாலையே பதிவுத் தபாலில் பாய்லர் ஆய்வாளர் அவர்களுக்கு அனுப்பினேன். (ரசீது, இணைப்பு 2)

14. இனி நடந்ததைத் தாங்கள் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். ஜனவரி 9 முதல் இருபத்தைந்து நாள் வராத வடோதராக் குழாய், நான் வால்வை மூடிய நான்காம் நாள், பிப்ரவரி 7 அன்று வந்து பொருத்தப்பட்டது. சுத்த நீராவிக் கலன் மறுபடி ஓடுகிறது. இன்று அங்கே தயாராகும் பானம் நல்ல பானம். அதைக் குடிக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது குடிக்கிறார்கள். ஹெத்வியும் குடிக்கிறது.

15. பிப்ரவரி 6 அன்று என்னைப் பணிநீக்கம் செய்து, வேண்டுமென்றே சேதம் விளைவித்ததாகக் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார்கள். பணிநீக்கம் செய்த பிறகே, 13ஆம் தேதி நடந்த உள்விசாரணையில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இந்த முடிவை எடுக்கும் முன் கணவரிடம் கேட்டாயா என்பது. அவர் அப்போது கரையிலிருந்து அறுபது கடல்மைல் தொலைவில் வலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால், இத்தனை நாள் ஏன் திறந்தாய் என்று கேட்டிருப்பார். திரும்பி வந்ததும் அதைத்தான் கேட்டார். நான் லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள். ஜனவரி 24க்குப் பிறகு பிப்ரவரி 4 இருந்தது. இடைப்பட்ட தாள்கள் இல்லை. கரையான் அரித்ததாகச் சொன்னார்கள். தேதி பார்த்து அரிக்கும் கரையானை நான் மோதிபந்தரில் கண்டதில்லை. நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே படம் எடுத்து வைத்திருந்தேன். (இணைப்பு 3, ஐந்து படங்கள்)

16. பிப்ரவரி 8 அன்று தொழிற்கூடத்து டெம்போ நாற்பத்தொரு அங்கன்வாடிகளுக்கும் போய், பழைய பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தது. ஒரு வார்த்தை காரணம் சொல்லவில்லை. கார்வாவாடாவில் ருகிபென் எல்லாவற்றையும் கொடுத்தார், இருபத்துநான்கு பாக்கெட் கொண்ட ஒரு கிரேட் தவிர. வந்தவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, இருபத்துநாலு குறையுதே என்றார்கள்.

"குறையத்தான் செய்யும். புள்ளைங்க குடிக்கத்தானே குடுத்தீங்க? குடிச்சதை எப்படித் திருப்பிக் குடுக்கறது? வேணும்னா கழிப்பறைப் பக்கம் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ருகிபென் சொன்னது பொய். அரசுப் பணியாளர் பொய் சொன்னதாக அவர் மீது நடவடிக்கை எடுப்பதென்றால், சொல்லச் சொன்னவள் நான் என்று எழுதிக்கொள்ளவும். ஜனவரி 13ஆம் தேதி தொகுதி எண் அச்சிட்ட, பிரிக்கப்படாத இருபத்துநான்கு பாக்கெட்டுகள் இன்றும் பூட்டிய இடத்தில் பத்திரமாக உள்ளன. இடத்தை இம்மனுவில் எழுத மாட்டேன். தாங்கள் நேரில் வந்தால் காட்டுவேன்.

17. இனி, பார்வையில் கண்ட தங்கள் அலுவலக அறிக்கை. பிப்ரவரி 20 அன்று தங்கள் ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்தார். பானம் பாதுகாப்பானது என்று அறிக்கை வந்தது. அதன் நகலைத் தொழிற்கூட வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எடுத்த மாதிரி பிப்ரவரி 9 அன்று தயாரானது. புதுக் குழாய் பொருத்திய பிறகு வந்தது. தவறான பாலுக்கு எழுதப்பட்ட சரியான அறிக்கை அது. மேலும் அதில் கொழுப்பு, புரதம், கிருமி எண்ணிக்கை ஆகியவைதான் பார்க்கப்பட்டுள்ளன. பாய்லர் மருந்து இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஆய்வகம் பதில் தராது.

18. கேட்க வேண்டிய பால் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பாக்கெட்டுகளைக் காலாவதி வரை நிறுத்திவைப்பு அறையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 12 முதல் பிப்ரவரி 2 வரை பதினேழு தொகுதிகள். உத்தராயணப் பண்டிகை, ஞாயிறுகள், குடியரசு நாள் கழித்து நானே எண்ணியது. அறையில் நுழைந்ததும் இடதுபுறம், நான்காவது, ஐந்தாவது அலமாரிகள், நீலக் கூடைகள். தொண்ணூறு நாள் கணக்கில், முதல் தொகுதி ஏப்ரல் 12 அன்று காலாவதியாகிறது. அன்று அதை அழிப்பதும் விதிதான். விதிப்படியே சாட்சி அழிந்துவிடும். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இன்றிலிருந்து பதினாறு நாள் இருக்கின்றன.

19. ஆகவே நான் கோருவன:

(அ) ஏப்ரல் 12க்கு முன் தாங்கள் நேரில் வந்து நிறுத்திவைப்பு அறையை முத்திரையிட்டு, மேற்கண்ட பதினேழு தொகுதிகளையும் கைப்பற்ற வேண்டும். வருவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரக்கூடாது.

(ஆ) அவற்றையும், எங்களிடம் உள்ள கிரேட்டையும், பாய்லர் மருந்துக்கென்றே குறிப்பாக, இம்மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். முடிவு எதுவாயினும் அங்கன்வாடி வாசல்களில் குஜராத்தி மொழியில் ஒட்ட வேண்டும். என் சொல் தவறு என்று முடிவு வந்தாலும் ஒட்ட வேண்டும்.

(இ) அந்த மூன்று வாரம் பானம் குடித்த குழந்தைகளை மருத்துவர்கள் பார்க்க வேண்டும். பட்டியல் ருகிபென் உள்ளிட்ட நாற்பத்தொரு பணியாளர்களிடம் உள்ளது. கார்வாவாடா தாய்மார்கள் முப்பத்தாறு பேரும் இதையே கேட்டு ஒப்பமிட்டுள்ளார்கள். (இணைப்பு 4)

(ஈ) மாற்றுக் குழாய் இன்னும் அறுத்தெடுக்கப்படவில்லை. முனையில் ஒரு தகடு வைத்து நான்கு போல்ட் முடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். பாய்லர் ஆய்வாளரோடு சேர்ந்து அதை வேரோடு நீக்கச் செய்ய வேண்டும்.

(உ) என்னைப் பணியில் மீண்டும் சேர்க்க வேண்டும். இது கடைசிக் கோரிக்கை. முதல் நான்கும் நடக்காமல் இது மட்டும் நடக்குமென்றால், எனக்கு இது தேவையில்லை.

20. கடைசியாக ஒன்று. மார்ச் 20 அன்று கர்சன்பாய் கையில் ஒரு தட்டச்சுத் தாள் கொடுத்து என் வீட்டுக்கு அனுப்பினார்கள். "குடும்பக் கவலையால் மனம் குழம்பி வால்வை மூடிவிட்டேன், மன்னிக்கவும்" என்று என் பெயரில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டால் காவல் புகாரைத் திரும்பப் பெற்று, பாய்லர் அல்லாத வேறு வேலை தருவார்களாம். கர்சன்பாய் திண்டாடிப்போய் நின்றார். "நான் குடுக்கத்தான் வந்தேன் ஹீருபென், போடுன்னு சொல்ல வரல" என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். அவர் போகும்போது, 12ஆம் பத்தியில் உள்ளதை விசாரணையில் தானே சொல்வதாக வாக்களித்துப் போயிருக்கிறார். தங்கள் அழைப்பாணை வந்தால் வருவார்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதை இத்துடன் இணைக்கவில்லை. தாங்கள் வரும்போது அதையும் காட்டுவேன். அன்று என் மனம் குழம்பியிருக்கவில்லை. நான்கு ஆண்டில் அன்றுதான் மிகத் தெளிவாக இருந்தது. அதில் கையெழுத்திடும் இடம் காலியாகவே இருக்கும். இவ்விஷயத்தில் இனி நான் கையெழுத்திடும் தாள் இம்மனு ஒன்றே.

நாள்: 27.03.2023
இடம்: மோதிபந்தர்

பதில் வரும் வரை காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஹீருபென் லக்மன்பாய் லோதாரி

இணைப்புகள்:
1. பாய்லர் மருந்துக் கேனின் சீட்டு – படமும் குஜராத்தி மொழிபெயர்ப்பும்
2. வால்வுச் சாவி அனுப்பிய பதிவுத் தபால் ரசீது
3. லாக் புத்தகப் பக்கங்களின் படங்கள் – ஐந்து
4. கார்வாவாடா தாய்மார்கள் முப்பத்தாறு பேரின் கையொப்பங்களும் கைநாட்டுகளும்